12 மணிக்குக் கூப்பிடாதே அம்மா

வென்ட்வொர்த்வில், சிட்னி
பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். கூப்பிட்டால் எடுப்பதே இல்லை என்று உனக்குக் கோபமாமே, அப்பா சொன்னார். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் அவர் பிடுங்கிக்கொள்வார். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மதியச் சமையலை முடித்துவிட்டு 12 மணிக்குக் கூப்பிடுகிறாய். அப்போது இங்கே சாயங்காலம் 5.30. பென்ரித்தில் கிடங்கு வேலை முடிந்து எம்4 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருப்பேன். காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'பி' எழுத்து மாட்டியிருக்கிறேன். புதிதாக ஓட்டுகிறவன் என்று அர்த்தம். ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியதெல்லாம் இங்கே கணக்கில் வராது. இந்த 'பி' இருக்கிறவரை ஓட்டும்போது போன் பக்கமே போகக் கூடாது. ப்ளூடூத்தில் பேசக் கூடாது, மேப் பார்க்கக் கூடாது, சிக்னலில் நிற்கும்போதும் கூடாது. புது இடமென்றால் கிளம்பும் முன்பே வழியை மனப்பாடம் செய்துகொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்திருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்.

போலீஸ் இருந்தால்தானே என்பான் தம்பி. போலீஸே வேண்டாம். சாலைக்கு மேலேயும் ஓரத்து டிரெய்லரிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடி வழியாக மடிவரைக்கும் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் சலித்துக் கொடுப்பதை ஆள் பார்த்து உறுதிசெய்வார். 2019 டிசம்பரில் தொடங்கியபோது மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பினார்களாம். 2020 மார்ச்சிலிருந்து அபராதம்.

அபராதத்தைவிட, தப்பு செய்தால் லைசென்ஸில் ஏறுகிற தண்டனைப் புள்ளிகளுக்குத்தான் பயம். என்னைப் போன்றவருக்கு 4 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் முடக்கம். போன் குற்றம் ஒன்றுக்கே 5. ஈஸ்டர் மாதிரி விடுமுறையில் அதுவும் இரட்டிப்பு. எங்கள் கிடங்கில் ஒரு பையனுக்குப் போன் தொடையில் கிடந்ததற்கே மூன்று மாதம் லைசென்ஸ் போயிற்று. பேசக்கூட இல்லையாம். இப்போது என் காரில்தான் வருகிறான், வழியெல்லாம் கேமராவைத் திட்டிக்கொண்டு.

சட்டம் கடுமைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார். நான் போகிற 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி போனைப் பார்த்தால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். கையில் தொடாமல் பேசினாலும் மனசு சாலையில் நிற்பதில்லை. அந்தப் பையன் எவ்வளவு புலம்பினாலும், லாரி குறுக்கே வந்தால் தானாக வாயை மூடிவிடுகிறான். அடுப்படியில் நிற்கிற உனக்கு அந்த லாரி தெரியாது. நீ சித்தி பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாய். அதனால் 'பி' போன பிறகும் ஓட்டும்போது எடுப்பதாக இல்லை.

தம்பி விஷயமும் இதுதான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பைபாஸில் போகிறான். அவனை நான் இங்கிருந்து திருத்த முடியாது. ஆனால் அவன் வழியில் இருக்கும்போது "எங்கடா இருக்கே" என்று கூப்பிடுவது நீதானே? கிளம்பிவிட்டான் என்று தெரிந்தால், வந்து சேரும்வரை விட்டுவிடு.

எனக்கு இனி 1.30க்குக் கூப்பிடு. இங்கே 7 மணி, சாப்பிட உட்கார்ந்திருப்பேன். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்கப்புறம் 2.30. உன் மதியத் தூக்கம் கெடுமென்றால் சொல், வேறு நேரம் பார்ப்போம். அந்த வரன் கதையையும் அப்போது முழுதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மகன்