வீட்டில் பி.பி. பார்ப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்த அழுத்தம் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எண்களோடு நின்றுவிடுகின்றன. 140/90 என்றால் அதிகம், உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்பதோடு சரி. அந்த எண்ணை வீட்டில் எப்படிப் பார்ப்பது என்பது அபூர்வமாகவே அச்சில் வருகிறது. எத்தனையோ வீடுகளில் பி.பி. கருவி வந்துவிட்டது. தவறாகப் பார்த்த ஓர் அளவை நம்பி ஒருவர் மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறார், இன்னொருவர் நிறுத்தியே விடுகிறார். ஆகவே பார்க்கும் முறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் கைப்பட்டை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொள்ள வேண்டும். கருவியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைக்குத்தான் பொருந்தும். எந்த அளவுக்கு உரியது என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். கை அதைவிடப் பருமனாக இருந்தால் பட்டை ரத்தக் குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும், அதனால் எண் கூடுதலாகக் காட்டும். சற்றே சிறிய பட்டை 5 புள்ளி வரை ஏற்றிக் காட்டும். மிகப் பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் எண் (140/90 என்பதில் 140) 20 புள்ளி அளவுக்குக்கூடப் பிசகலாம். (புள்ளி என்று இங்கே சொல்வது மி.மீ. பாதரசத்தை.) பெரிய பட்டையை மெலிந்த கையில் கட்டினால் எண் குறைத்துக் காட்டும். அப்போது உண்மையில் அழுத்தம் உள்ளவர்கூட நிம்மதியாக இருந்துவிடுவார் என்பதால் இந்தப் பிசகு இன்னும் கவலைக்குரியது.

மணிக்கட்டில் கட்டும் கருவியில் கை சற்றுத் தாழ்ந்தாலே அளவு மாறிவிடும். மேல்கையில் கட்டும் கருவியே மேல். அதிலும், உங்கள் மாடல் தனியாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது உட்காரும் விதம். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் கழித்துவிட்டு வர வேண்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அந்த 5 நிமிடமும் டி.வி., ஃபோன், பேச்சு எதுவும் வேண்டாம். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே, துணிக்கு மேல் இல்லாமல் வெறும் தோலில் இருக்கட்டும். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டால் அதுவே கையைக் கட்டிய மாதிரி ஆகிவிடும், கழற்றிவிடுவது நல்லது.

பலர் கோட்டைவிடும் இடம் கையின் உயரம். பட்டையின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். அதற்குக் கையை மேசைமேல் வைத்து, தேவைப்பட்டால் அடியில் ஒரு தலையணையோ மடித்த துண்டோ கொடுக்க வேண்டும். பட்டை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் ஏறத்தாழ 8 புள்ளி கூடும். அந்த உயரத்துக்கான ரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்துவதுதான் காரணம். கையை மடியில் வைப்பதும் பக்கவாட்டில் தொங்கவிடுவதும் இப்படித்தான் பொய் அளவைத் தருகின்றன. கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தாலும் தவறு, தசை இறுகி எண் ஏறும்.

ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. 1 நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன், மாலையில் உணவுக்கு முன் என 7 நாள் தொடர வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற 6 நாள் எண்களின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால், அது மருத்துவமனையில் பார்க்கும் 140/90-க்குச் சமம். மருத்துவரைக் கண்டதும் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. மருத்துவர் முன் சரியாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினர் வீட்டுக் குறிப்பு இல்லாவிட்டால் கண்டுபிடிக்கப்படாமலேயே போய்விடுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு நாள் இரண்டு கைகளிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும் இரு கைகளுக்கும் மேல் எண்ணில் 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) போட்ட கையில் பட்டையைச் சுற்றவே கூடாது. சீரற்ற இதயத்துடிப்புக் குறி திரையில் அடிக்கடி வந்தால், கருவி கோளாறு என்று ஒதுக்காமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம்.

எண் திடீரென 180/120-ஐத் தாண்டினால் என்ன செய்வது? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் 5 நிமிடம் அமைதியாக இருந்து மீண்டும் பாருங்கள். அப்போதும் அதே அளவென்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். தானாக ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போடுவது கூடாது. ஒரு காலத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கின் அடியில் வைக்கும் வழக்கம் இருந்தது. அழுத்தம் சட்டென்று சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் ஏற்பட்டதால் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. கர்ப்பிணிகளுக்கு இந்த 180 கணக்கே பொருந்தாது, 140/90 வந்தாலே அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரை மாற்றிய மறுநாளே எண் இறங்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்லோடிபின் போன்ற மருந்து உடலில் நிலைபெறவே ஒரு வாரம் பிடிக்கும். எண் நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு என்று நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை. அந்த நல்ல எண் மாத்திரையால் வந்தது. அடெனோலால், மெட்டோப்ரொலால், குளோனிடின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமும் இதயத்துடிப்பும் எகிறும். தலைவலி இல்லாததை வைத்துப் பி.பி. இல்லை என்றும் முடிவு செய்யாதீர்கள், உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மருந்து சரியாகச் சாப்பிட்டும் எண் ஏறினால் வேறு என்ன விழுங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சில மருந்துகள், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் சோடியம் நிறைந்த மாத்திரைகள் எல்லாமே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

முதியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் எழுந்தால் தலைசுற்றுகிறது என்றால், உட்கார்ந்து பார்த்ததோடு நிற்காமல் எழுந்து நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களிலும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 சரிந்தால் அதை மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு முன்பே தடுக்கக்கூடிய விஷயம் இது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் 7 நாள் அட்டவணை ஒன்றை வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் அச்சிட்டுத் தாருங்கள். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு, அன்று சாப்பிட்ட வேறு மருந்துகள் என்று 6 கட்டங்கள் போதும். ஒவ்வொரு நாளுக்கும் காலை 2, மாலை 2 என 4 வரிகள் விடுங்கள். அட்டவணையை நிரப்பி, பி.பி. கருவியையும் கையோடு மருத்துவரிடம் கொண்டுபோனால், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்