சீதை வீட்டுக்குத் தகரம் வேண்டும்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

நுவரெலியாவிலிருந்து பதுளை ரோட்டில், ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சீதாஎலிய சீதை அம்மன் கோயில். வான் பிடித்து வருகிறவர்கள் ஆற்றுப் பாறைக் குழிகளை அனுமார் பாதம் என்று கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தேயிலைக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில் பழைய மடம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்து ஆட்கள் அதைச் 'சீதை வீடு' என்பார்கள்.

கருங்கல் சுவர், மண் தரை, தகரக் கூரை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் பாட்டன்மார் அரிக்கேன் விளக்கில் கம்பராமாயணம் படித்த இடம்.

வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டே தூக்கிப் போகிறான். கம்பர் அதற்கு மனம் ஒப்பவில்லை. இலக்குவன் கட்டிய குடிலை நிலத்தோடு பெயர்த்து எடுத்துவர வைத்தார். இலங்கையில் மாளிகைக்கா பஞ்சம்? ஆனாலும் கொழுந்தன் வேய்ந்த அந்தப் புல் குடிலில்தான் அவள் இருந்தாள் என்று அனுமன் போய் இராமனிடம் சொல்கிறான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைகளில், பிறந்தவர்களுக்கு இந்தக் கட்டம் ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. குடில் நின்ற இடம் இதுதான் என்று நாங்கள் சத்தியம் பண்ணவில்லை. பெயர் அப்படி நிலைத்துவிட்டது.

2025 நவம்பரில் டித்வா புயல் பின்பக்கத் தகரத்தைக் கொண்டுபோனது. சுவரில் சரிந்த மண்ணைச் சிரமதானம் வைத்து அள்ளிவிட்டோம். மிச்சத் தகரமும் துருவேறிச் சல்லடை. இப்போதெல்லாம் ஒருவர் படிக்க, இன்னொருவர் புத்தகத்துக்குக் குடை பிடிக்கிறார்.

கோயிலுக்கு 2024 மே 19இல் கும்பாபிஷேகம் நடந்தது. அயோத்தியிலிருந்து சரயு தண்ணீரே வந்தது. மடத்துக்கு எங்களைவிட்டால் ஆள் இல்லை. இது கோயில் வசூல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

தேவை 36 தகரம், கூரைக்கு மரச்சட்டம், கொஞ்சம் சிமெந்து. மேசன் வேலையும் தச்சு வேலையும் நம் பையன்களே செய்வார்கள், கூலி இல்லை. கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு தகரம் எடுத்துக் கொடுத்தாலும் சரி, ஆணியாகக் கொடுத்தாலும் சரி. காசு தருகிறவர்கள் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மடத்துக் கதவில் ஒட்டப்படும்.

கொடுத்த தகரத்தில் தன் அம்மா பெயரை எழுதலாமா என்று ஒரு அக்கா கேட்டார். எழுதலாம், ஆனால் உள்பக்கம். வெளியே எழுதினால் இரண்டு மழைக்குத் தாங்காது. உள்ளே என்றால் படிக்கும்போது அண்ணாந்தாலே தெரியும். வரும் புரட்டாசிக்கு முன்னால் வேய்ந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மடத்துத் திருப்பணிக் குழுவினர்