வாசித்தவர்களின் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு ஹிப் ஹாப்காரர்கள் நம் சினிமா இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டால் போதும், 'பார், நம்ம ராஜா எங்கெல்லாம் போயிருக்கிறார்' என்று ஒரு பக்கம் பெருமை, 'திருட்டு' என்று இன்னொரு பக்கம் கோபம். பிளாக் ஐட் பீஸ் குழு, பாடகி எம்.ஐ.ஏ. இருவரும் இளையராஜா பாடல்களிலிருந்து எடுத்தபோதும் இதுதான் நடந்தது. அந்தத் துண்டில் இசைக்கருவி வாசித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இதை எழுதத் தூண்டியது அமெரிக்க ஹிப் ஹாப் இசையமைப்பாளர் மேட்லிப் செய்த ஒரு ஆல்பம். கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டைச் சேர்ந்த இவர் 'பீட் கண்டக்டா' என்று ஒரு தொடரே போட்டவர். முதல் இரண்டு பாகங்கள் 2006-ல் வந்தன. 5, 6 ஆம் பாகங்கள் மறைந்த ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாவுக்கு அஞ்சலி. நடுவில், 2007-ல் வந்த 3, 4 ஆம் பாகங்கள்தான் 'இன் இந்தியா'. ராப் கிடையாது. பழைய இந்திப் படங்களின் இசைத்தட்டுகளிலிருந்து வயலின் கூட்டத்தை ஒரு இடத்தில், தபலாவை ஒரு இடத்தில், ஒரு வசனத் துணுக்கை இன்னொரு இடத்தில் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் கனமான டிரம்ஸ் போட்டிருக்கிறார், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காது பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்து நாம் கடந்துபோகிற இடையிசை இருக்கிறதே, அதைத்தான் இவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எனக்கு இவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

அதில் 'மூவி ஃபினாலே' என்று ஒன்று. 2009-ல் ராப் பாடகர் மோஸ் டெஃப் அதையே 'ஆடிட்டோரியம்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டார், அதில் இன்னொரு ராப் பாடகர் ஸ்லிக் ரிக் ஈராக்கில் நிற்கும் அமெரிக்கச் சிப்பாயின் குரலில் பேசுகிறார். எங்கேயோ ஒரு படத்துக்காக வாசித்த வயலின் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

ஆனால் பாடல் பட்டியலில் இருப்பதெல்லாம் மேட்லிப் வைத்த தலைப்புகள். மூலப் பாட்டு எது என்று ரசிகர்கள்தான் தேடித்தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை, எடுத்த இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் 'அடிக்டிவ்' பாட்டில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள், அந்த வழக்கில் அவர் பெயரைப் போடாமல் விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றமே சொன்னது.

சரி, மேட்லிப் சொல்லவில்லை, நாம் சொன்னோமா? நம் இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்று அதே பாடல்கள் செல்போன் செயலிகளில் வரும்போதும் அப்படித்தான். பேஸ் கிட்டாரும் டோலக்கும் வாசித்தவர் யாரென்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

பழைய பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்கள், தங்களிடம் உள்ள ஒலிப்பதிவுக் குறிப்புகளைத் தேடி எடுத்து, கிடைக்கிற பெயர்களையாவது போட வேண்டும். உங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். எழுபது, எண்பதுகளில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் எந்த இடம் தன்னுடையது என்று அவர்களுக்குத் தெரியும், கேட்டு வாரம் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். இப்போதே தொடங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி