ஓடுகிற மெஷினையும் கொஞ்சம் பாருங்கள்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். புது ஸ்கேன் மெஷின் வாங்குவதில் நீங்கள் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியை வார்டில் ஏற்கெனவே இருக்கிற கருவிகள் மேல் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மெஷின் நின்றுபோனால் உடனே எங்களுக்கு போன் வந்துவிடும், அது பரவாயில்லை. நிற்காமல் தப்பாக ஓடுகிற மெஷினைப் பார்த்தால்தான் எனக்கு பயம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் உள்ள சியோலைட் என்ற தாதுப்பொருள், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் 90 சதவீதம் சுத்தமான ஆக்சிஜன் கிடைக்கிறது. ஈரம் ஏறி அது கெட்டுப்போனாலும் மோட்டார் அதே சத்தத்தோடு ஓடும், ஓட்டத்தின் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டர் குண்டு 5 லிட்டரிலேயே நிற்கும், ஆனால் குழாயில் வருவது 82 சதவீதத்துக்கும் கீழே போயிருக்கலாம். அலாரம் அடிக்காதா என்பீர்கள். அந்த சென்சாரையும் யாராவது சோதித்திருக்க வேண்டுமே! டாக்டரோ, மூச்சுத்திணறல் ஏன் குறையவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

அறுவைக் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் அப்படித்தான். கேஜ் 134 டிகிரி காட்டும், கதவின் ரப்பர் கேஸ்கெட் கசிந்து துணிக்கட்டுக்குள் காற்று தங்கிவிட்டால் நீராவி உள்ளே போகவே போகாது. தினமும் முதல் லோடுக்கு முன்னால் நீராவி உள்வரை போகிறதா என்று பார்க்கும் போவி-டிக் டெஸ்ட் போடச் சொல்வது இதற்காகத்தான். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) கூட கிடைக்காத நோயாளிக்கு, ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது, பேட்டரி செத்திருப்பதை அந்த நேரத்திலா கண்டுபிடிப்பது?

சரி, எங்கள் ஆட்களும் ஒழுங்கா என்றால், சோதிக்காமலே 'சரிபார்க்கப்பட்டது' ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாற்று மெஷின் இல்லாததால் வார்டு கருவியைத் தரவே மாட்டேன் என்கிறது, ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் அனலைசர் கேட்டால் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்கிறீர்கள், கையில் ஸ்டிக்கர் மட்டும்தான் மிஞ்சுகிறது.

முதல் வேலையாக ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மாற்றுக் கருவி கொடுங்கள். சந்தேகப்படும் மெஷினை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துவிடும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும். அப்புறம், அடுத்த முறை பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களையும் கூப்பிடுங்கள். சர்வீஸ் மேனுவல், பாஸ்வேர்டு, உதிரி பாகங்களின் விலை மூன்றையும் கம்பெனியிடம் அப்போதே எழுதி வாங்கிவிடலாம், பணம் கொடுத்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.