உணவு ஆய்வகங்களில் துரித மரபணுப் பரிசோதனையைத் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
உணவு நுண்ணுயிரியல் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை.

பொருள்: உணவில் உள்ள நோய்க்கிருமிகளை மறுநாளே கண்டறியும் மரபணுப் பரிசோதனையை ஆய்வகங்களில் தொடங்குவதும், அதன் முதல் முடிவின்பேரிலேயே உணவை நிறுத்திவைக்க விதி வகுப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உணவு மாதிரிகளில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பணிக்காலம் முழுக்க நான் செய்த வேலை. அதில் ஒரு நாள் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. குழந்தைகள் காப்பகம் ஒன்றிலிருந்து வந்த மாதிரியில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருப்பது ஆறாம் நாள் காலையில் உறுதியானது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அதெல்லாம் அன்றைக்கே பரிமாறி முடிந்துவிட்டதே" என்றார்கள். ஆய்வகத்தில் யாரும் தவறு செய்யவில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அந்த முறைக்கே அத்தனை நாள் ஆகிறது.

25 கிராம் உணவை ஊட்டக் கரைசலில் போட்டு ஒரு நாள் வைக்கிறோம். அப்புறம் அந்தக் கிருமி மட்டும் வளரும்படியான கரைசலில் இன்னொரு நாள், கிருமியை வளர்க்கும் அகார் தட்டில் மேலும் ஒன்றிரண்டு நாள். தட்டில் சந்தேகத்துக்குரியதாக ஏதாவது முளைத்தால் அதை எடுத்து உறுதிசெய்யும் சோதனைகள். லிஸ்டீரியா என்ற கிருமி என்றால் ஒரு வாரம்கூட ஆகிவிடும்.

நான் கேட்கும் மரபணுப் பரிசோதனை, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை. அதில் முதல் நாள் வேலை இதேதான். மறுநாள் தட்டில் முளைக்கட்டும் என்று காத்திருக்காமல், கரைசலிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அந்தக் கிருமிக்கே உரிய மரபணு இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இது பரிசோதித்துப் பார்க்காத புதிய வித்தை அல்ல. 1983-இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தது, 1993-இல் நோபல் பரிசு பெற்றது. வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு டிஎன்ஏவைப் பெருக்கும் லேம்ப் (LAMP) என்ற இன்னொரு முறையும் உண்டு. அது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையிலான ஒரே வெப்பநிலையில் நடப்பதால், சூட்டை மாறி மாறி ஏற்றி இறக்கும் பிசிஆர் கருவி அதற்குத் தேவையில்லை.

இதன் குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். செத்த கிருமியின் டிஎன்ஏவும் சில நேரம் கருவியில் தெரியும். உணவிலுள்ள கொழுப்பும் நிறப்பொருளும் வினையைத் தடுத்து, இருக்கும் கிருமியை இல்லை என்று காட்டிவிடவும் கூடும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் வினை ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் உள்கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். கிருமி இருப்பதாகத் தெரிந்த மாதிரியை வழக்கம்போல் தட்டிலும் வளர்க்க வேண்டும். பழைய முறையைக் கைவிடச் சொல்லி நான் இந்த மனுவை எழுதவில்லை.

தட்டில் வளர்த்தெடுத்த கிருமிக்கு இன்னொரு பெரிய பயனும் இருக்கிறது: அது எந்த வகை என்று கண்டறியலாம். 2011-இல் ஜெர்மனியில் ஈ. கோலை என்ற குடல் கிருமி பரவி சுமார் 3,900 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காயின்மேல் விழுந்தது. வெள்ளரிக்காயில் ஈ. கோலை இருந்தது உண்மைதான். ஆனால் நோயாளிகளிடம் இருந்தது வேறு வகை. அதற்குள் விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்தித்துவிட்டார்கள். கடைசியில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. கிருமியின் பெயர் மட்டும் போதாது, அதன் வகையும் தெரிய வேண்டும் என்பதை அந்த விவசாயிகளின் நிலை எனக்குப் புரியவைத்தது.

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் லிஸ்டீரியாவால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர். லிஸ்டீரியா உடலுக்குள் போய் 70 நாள் வரை கழித்துக்கூட நோயைக் காட்டும். இரண்டு மாதத்துக்கு முன்பு என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? நோயாளிகளிடம் கிடைத்த கிருமியின் முழு மரபணு வரிசையும், பதப்படுத்திய இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் கிடைத்ததன் வரிசையும் பொருந்தியபோதுதான் காரணம் உறுதியானது.

எனவே தங்களிடம் நான் முதலாவதாகவும் முக்கியமாகவும் கேட்பது ஒரு விதியை. பிசிஆரில் கிருமி தெரிந்த அன்றே, அந்தத் தயாரிப்புத் தொகுதி முழுவதையும் விற்காமலும் பரிமாறாமலும் நிறுத்திவைக்க அலுவலருக்கு அதிகாரம் வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால், மறுநாளே முடிவு தெரிந்தும் தட்டின் முடிவுக்காகக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். கருவிக்குச் செலவழித்த பணமும் வீண். தட்டில் வளர்த்த பிறகு கிருமி இல்லை என்று உறுதியானால் அதே நாளில் சரக்கை விடுவித்துவிட வேண்டும். வியாபாரிக்கும் நியாயம் செய்தாக வேண்டும், அல்லவா?

கருவிகளோடு ஆட்களுக்கும் இடத்துக்கும் நிதி ஒதுக்க வேண்டுகிறேன். மாதிரியைத் தயாரிக்கும் அறையும் டிஎன்ஏவைப் பெருக்கும் அறையும் தனித்தனியாக இல்லாவிட்டால், முந்தைய சோதனையின் டிஎன்ஏ கலந்து பொய்யான முடிவு வரும். உறுதியான கிருமிகளைச் சேமித்துவைத்து அவற்றின் மரபணு வரிசையைக் கண்டறியவும், மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கிடைக்கும் கிருமிகளோடு ஒப்பிடவும் ஏற்பாடு வேண்டும். முதல் கட்டமாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் உண்ணும் இடங்களின் மாதிரிகளைச் சோதித்தால்கூடப் போதும்.

புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தர அழைத்தால், ஊதியம் எதுவும் இல்லாமல் வந்து கற்றுத்தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்