பக்கத்துக் காரின் ஜாதகம்: உங்கள் ஆய்வறிக்கை பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் ஆர்டர் எண்ணும் மின்னஞ்சலின் தலைப்பில் உள்ளன)
கேன்டன், மிச்சிகன்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி காருக்குத் தவறான தொழிற்சாலை ஆய்வறிக்கை தந்ததும், நான் அனுப்பிய மூலத்தாளைப் பாழாக்கியதும்.

ஐயா / அம்மா,

உங்கள் சேவை எண்ணில் என்னிடம் பேசியவர் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மல்லுக்கட்டிய பிறகு, "சார், நீங்க தமிழ்லயே விவரமா எழுதி அனுப்புங்க, சென்னையில எங்க மேனேஜர் நேரா படிப்பாங்க" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் உங்கள் அறிக்கையை எழுதியவர் மேலும், லேமினேஷன் மெஷினில் கை வைத்தவர் மேலும்தான்.

என்னிடம் இருப்பது 440 சிக்ஸ் பேக் இன்ஜின் வைத்த சேலஞ்சர். மூன்று ஹோலி கார்புரேட்டர், 390 குதிரைத்திறன்; 440 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு. டாஷ்போர்டில் உள்ள வின் நம்பர் (காரின் அடையாள எண்) ஜேஎஸ்23வி0பி என்று தொடங்குகிறது. இதைப் படிக்க உங்களுக்கு 385 டாலர் தரவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஜேஎஸ் என்றால் சேலஞ்சர் ஆர்/டி, 23 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப் (நிலையான கூரை), வி என்றால் 440 சிக்ஸ் பேக், பூஜ்யம் 1970, பி டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

நான் கேட்டது வேறு. இந்தக் காரின் ஃபெண்டர் டேக், அதாவது தொழிற்சாலைக் குறியீடுகள் குத்திய சிறு தகடு, காணாமல் போய்விட்டது. பானட்டைத் திறந்தால் இடது பக்கத்தில் அது இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் நம்மைப் பார்க்கின்றன. டேக் இல்லாத சிக்ஸ் பேக் காரை யாரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்; பார்க்கவும் வேண்டும். 318 இன்ஜினோடு வந்த சாதாரண சேலஞ்சரை வாங்கி, 440-ஐ இறக்கி, வின் நம்பர் தகட்டையும் மாற்றி ஒன்றுக்குப் பத்தாக விற்ற ஆட்கள் இந்த ஊரில் உண்டு. அதனால்தான், உடம்பில் குத்தியிருக்கும் எண்கள், இன்ஜின், கியர்பாக்ஸ், பெயின்ட் எல்லாவற்றையும் வைத்து இந்தக் கார் ஹாம்ட்ராம்கில் எப்படிப் பிறந்தது என்று சான்றோடு எழுதித் தரச் சொன்னேன். உங்கள் விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள்.

நான் அனுப்பியவை: 64 புகைப்படங்கள், மூன்று பக்கக் குறிப்பு, ஒரு பிராட்காஸ்ட் ஷீட்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருஷம் பின்சீட்டைக் கழற்றியபோது, அடியில் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. ஓரமெல்லாம் துரு ஏறி, ஒரு மூலையை எலி கடித்திருந்தது; ஸ்பிரிங் கம்பி அழுத்திய இடத்தில் வரிவரியாகப் பழுப்புக் கோடுகள். சாமணத்தால் எடுக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கட்டம் கட்டமாகப் போட்டு, அதற்குள் கம்ப்யூட்டர் அச்சில் எண்களும் எழுத்துகளும். அசெம்ப்ளி லைனில் எந்த உடம்புக்கு எந்த இன்ஜின், எந்த ஆக்ஸில், எந்த நிறம் என்று தொழிலாளிக்குச் சொல்வதற்கு அடித்த தாள் அது. வேலை முடிந்ததும் அவர்களுக்கு அது குப்பை. சீட் ஸ்பிரிங்கில், கார்ப்பெட்டுக்கு அடியில், கிளவ் பாக்ஸுக்கு மேலே என்று கைக்கு வந்த இடத்தில் செருகிவிட்டுப் போனார்கள். அதனால்தான் ஒரு காரின் தாள் இன்னொரு காரில் கிடைப்பது இந்தக் கார்களில் சகஜம்.

என் காரில் கிடைத்ததும் அப்படிப்பட்ட தாள்தான். என் குறிப்பின் முதல் பக்கத்திலேயே, அடிக்கோடு போட்டு, "இந்தத் தாள் என் காருடையது இல்லை, வேறொரு காருடையது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அனுப்புகிறேன். ஸ்கேன் செய்துவிட்டு வந்த நிலையிலேயே திருப்பி அனுப்பவும்" என்று எழுதியிருந்தேன். தாளில் இருக்கும் நம்பர் ஜேஎச்27ஜி0பி என்று தொடங்குகிறது. 27 என்றால் கன்வெர்ட்டிபிள், கூரையை மடக்கித் திறக்கும் கார். ஜி என்றால் 318. இன்ஜின் குறியீடு இ44, அதுவும் 318-தான். சிக்ஸ் பேக்காக இருந்தால் இ87 என்று இருந்திருக்கும். நிறம் இஎஃப்8, கரும்பச்சை. என் கார் ஆரஞ்சு. டாஷ்போர்டுக்குப் பின்னால், யாரும் மறுபெயின்ட் அடிக்க எட்டாத இடத்தில், பழைய ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. அந்தப் படமும் 64-ல் ஒன்று.

ஏழு வாரம் கழித்து உங்கள் அறிக்கை வந்தது. தடித்த அட்டை, பொன்னெழுத்து. உள்ளே இரண்டாம் பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கராஜில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இந்த வாகனம் தொழிற்சாலையில் 318 இன்ஜினுடன், கரும்பச்சை நிற கன்வெர்ட்டிபிளாகத் தயாரிக்கப்பட்டு, பின்னாளில் மாற்றப்பட்டுள்ளது."

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஜாதகத்தை விரித்துவைத்து என் பிள்ளைக்குப் பலன் சொல்லியிருக்கிறீர்கள். கூரை இல்லாத காருக்குப் பிற்பாடு யாரோ கூரை போட்டார்கள் என்று எழுதும்போது, அதை எழுதியவருக்கு ஒரு நிமிடமாவது உறுத்தவில்லையா? ஹார்ட்டாப்பை வெட்டிக் கன்வெர்ட்டிபிள் ஆக்கி ஏமாற்றியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், விலை கன்வெர்ட்டிபிளுக்குத்தான் அதிகம். விலையைக் குறைத்துக்கொள்ள யார் மெனக்கெடுவார்கள்?

அந்த ஜாதகத்தையும் சரியாகப் படிக்கவில்லை என்பது அடுத்த வேடிக்கை. தாளில் தயாரிப்புத் தேதி சி10 என்று இருக்கிறது. நீங்கள் அதை 1970 மார்ச் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ, பி, சி என்று விரல் விட்டு எண்ணி மூன்றாவது மாதம் என்று முடிவு செய்திருப்பார் போலிருக்கிறது. டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் கணக்கில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. 1970 மாடல் கார்கள் 1969 ஆகஸ்டிலேயே லைனில் வரத் தொடங்கிவிட்டன. ஆக சி10 என்பது 1969 டிசம்பர் 10. என் காரின் டிரைவர் பக்கக் கதவு ஸ்டிக்கரிலும் 12-69 என்றுதான் இருக்கிறது. அந்தப் படத்தை உங்கள் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்! இரண்டாம் பக்கத்தில் மார்ச், ஆறாம் பக்கத்தில் டிசம்பர்.

நான் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் தரப்பிரிவில் வேலை பார்க்கிறேன். இப்படி ஓர் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியதையெல்லாம் நீங்கள் தொடவே இல்லை. என் இன்ஜினின் மேல் தளத்தில் எஃப் 440 என்றும் எச்பி (ஹை பெர்ஃபார்மன்ஸ்) என்றும் குத்தியிருக்கிறது. எஃப் என்பது 1970-க்கான எழுத்து. எண்ணெய்த் தொட்டி பிளாக்கோடு சேரும் விளிம்பில் 0பி என்று தொடங்கி ஆறு எண்கள் குத்தியிருக்கின்றன. அதே ஆறு எண்கள் கியர்பாக்ஸிலும் ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டிலும் இருக்கின்றன. டாஷ்போர்டு எண்ணோடு ஒன்றுகூட மாறவில்லை. எழுத்துகளின் உயரம், இடைவெளி, குத்திய ஆழம் தொழிற்சாலை அச்சோடு ஒத்துப்போகிறதா, தளத்தை யாராவது தேய்த்து மறுபடி குத்தியிருக்கிறார்களா என்று சொல்லத்தான் உங்களைப் போன்றவர்களிடம் வருகிறோம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்குப் பதில், "தயாரிப்பு நிறுவனத்தின் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை. எந்த ஆவணம்? போன்டியாக் காருக்குத் தொழிற்சாலை இன்வாய்ஸ் நகல் கிடைக்கிறது. ஃபோர்டுக்கு 1967 முதல் ஒவ்வொரு காரின் தயாரிப்புத் தகவலும் கிடைக்கிறது. கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கும் பதிவு உண்டு. கிரைஸ்லரின் வரலாற்றுப் பிரிவிலோ தயாரிப்பு அட்டைகள் 1967 மாடலோடு நின்றுவிடுகின்றன. 1970 காருக்குத் தாளும் டேக்கும் உடம்பில் குத்திய எண்ணும்தான் கதி. இல்லாத ஆவணத்தோடு எப்படி ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

அட்டைப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் கார் பிறந்த தொழிற்சாலை" என்று கீழே எழுதி, ஒரு பெரிய தட்டைக் கூரைக் கட்டடத்தைப் போட்டிருக்கிறீர்கள். அது ஜெனரல் மோட்டார்ஸுடையது. இன்றைக்கு மின்சார ஹம்மர் செய்கிற இடம். என் கார் பிறந்த டாட்ஜ் மெயின், டாட்ஜ் சகோதரர்கள் 1910-ல் கட்டத் தொடங்கிய பல மாடிக் கட்டடம். 1980 ஜனவரியில் மூடி, அடுத்த வருஷம் இடித்தார்கள். அதற்கப்புறம் அங்கே எழும்பியதுதான் நீங்கள் போட்டிருக்கும் கட்டடம், 1985-ல் திறந்தது. என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம், வாராவாரம் தாண்டிப் போகிறேன். இதற்காக நான் பணம் கேட்கவில்லை, சிரித்துவிட்டேன்.

சிரிக்க முடியாதது இனிமேல்தான். அறிக்கையின் பிரதியை என் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் நேராக அனுப்பிவிட்டீர்கள். அந்த வசதிக்குத் தனியாக 40 டாலர் வேறு வாங்கினீர்கள். அவர்கள் என் பாலிசியைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைத்து, "கன்வெர்ட்டிபிள் எப்படி ஹார்ட்டாப் ஆனது?" என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன விளக்குவது?

பிறகு அந்தத் தாள். உறையைப் பிரித்தபோது கையில் வழவழவென்று வந்தது. லேமினேஷன் செய்திருக்கிறீர்கள். 55 வருஷத்துத் தாளைச் சூடான பிளாஸ்டிக்குக்கு நடுவே வைத்து உருட்டியிருக்கிறீர்கள். எலி கடித்த மூலையில் காற்றுக் குமிழி. மடிப்பில் இருந்த கிழிசல் நகர்ந்து ஒட்டி, அச்சில் ஒரு வரியே கோணலாகிவிட்டது. கூடவே ஒரு சீட்டு: "உங்கள் ஆவணத்தைப் பாதுகாக்க எங்கள் அன்பளிப்பு." இதைப் பிரிக்க முயன்றால் பசையோடு மையும் வந்துவிடும் என்று தாள் பராமரிப்புக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்.

அந்தத் தாள் என்னுடையதும் இல்லை. அதில் இருக்கும் நம்பரை வைத்து எட்டு மாதம் தேடி அந்தப் பச்சை கன்வெர்ட்டிபிளைக் கண்டுபிடித்திருந்தேன். ஒஹாயோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருக்கிறது. அவர் கணவர் வாங்கிய கார், கணவர் இப்போது இல்லை. காருக்கென்று ஒரு துண்டுத்தாள்கூட அவரிடம் கிடையாது. "அவர் கடைசி வரைக்கும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்" என்றார் போனில். உங்களிடமிருந்து வந்ததும் நேரில் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறோம் என்று இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களே எழுத வேண்டும். அது இந்த வாரமே நடக்க வேண்டும், மற்றவை காத்திருக்கலாம். 425 டாலர் முழுதும் திரும்ப வேண்டும். தாளை நிபுணரிடம் கொடுத்துச் சோதிக்கும் செலவு உங்களுடையது. 64 படங்களையும் உங்கள் கணினியிலிருந்து நீக்கியதாக எழுதித் தாருங்கள். என் காரின் எண்கள் அங்கே கிடப்பதில் எனக்கு விருப்பமில்லை. மறுபடியும் ஆராய்ந்து தருகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்த அம்மையாருக்கு, உங்கள் நிறுவனத் தாளில், பொறுப்பில் இருப்பவர் கையெழுத்தோடு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அவருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒஹாயோ போகிறேன். கடிதம் அதற்குள் வந்தால், அந்தப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அவர் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கேன்டனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: அறிக்கையின் 2, 6-ஆம் பக்கங்கள், என் குறிப்பின் முதல் பக்கம், தாளின் படங்கள், உங்களிடம் அனுப்புவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும்.