உன் ரத்த வகையும் உன் சாப்பாட்டுத் தட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரத்த வகை உணவு அட்டவணையை முழுதாகப் படித்துவிட்டேன். ஓ வகைக்காரர்கள் கோதுமை தொடக்கூடாது, பால் கூடாது, பருப்பு பயறு கூடாது, முட்டைக்கோஸ் காலிஃபிளவர் கூடாது, தினமும் இறைச்சி வேண்டும் என்கிறது அது. நீயும் அதில் முக்கால்வாசியை ஆரம்பித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் படித்து முடித்த பிறகு திட்டு.

முதலில் இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார். பீட்டர் டி'அடாமோ என்ற அமெரிக்க இயற்கை மருத்துவர் 1996ல் எழுதிய புத்தகம்தான் இதற்கெல்லாம் மூலம். அவர் சொல்லும் கதைப்படி ஓ என்பது வேட்டையாடித் தின்ற ஆதி மனிதரின் ரத்தம், அதனால் அவர்களுக்கு இறைச்சி. ஏ உழவர்களோடு வந்தது, அதனால் சைவம். பி மேய்ச்சல் கூட்டத்தாருடையது, அவர்களுக்குப் பால். ஏபி கடைசியில் வந்த கலவை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கே ஒரு நிமிஷம் சரிதானோ என்று தோன்றியது. ஆனால் மரபணுவைப் படித்தவர்கள் சொல்வது வேறு. ஏ, பி இரண்டும் மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உண்டு, குரங்கினங்களிடமும் இருக்கின்றன. ஓ வகையில் பெரும்பாலானது, ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டு, அது செய்ய வேண்டிய நொதி வேலை செய்யாமல் போனதால் வந்தது. ஆக, ஓ முதலில் வந்தது, ஏ அப்புறம் வந்தது என்ற வரிசையே தலைகீழ். அஸ்திவாரமே இப்படி என்றால் மேலே கட்டியதை எப்படி நம்புவது?

ரத்த வகை என்றால் உண்மையில் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சின்ன விஷயம். சிவப்பணுவின் மேலே ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ, இன்னொன்று ஒட்டினால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லையென்றால் ஓ. 1901ல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் யார் ரத்தத்தை யாருக்கு ஏற்றலாம் என்று தெரிந்தது, எத்தனையோ உயிர் பிழைத்தது, 1930ல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். ரத்தம் ஏற்ற, உறுப்பு மாற்ற, கர்ப்ப காலத்தில் ஆர்எச் (பாசிட்டிவா நெகட்டிவா என்று) பார்க்க, இதற்கெல்லாம் அது உயிர்நாடி. மதியம் என்ன சாப்பிடலாம் என்று அதனிடம் கேட்டால் அது பாவம் என்ன சொல்லும்?

நம் வீட்டையே எடுத்துக்கொள். நான் ஏ, அம்மா பி, நீ ஓ, தம்பி ஏபி. என்னிடமும் அம்மாவிடமும் ஒளிந்திருந்த ஓ இரண்டும் சேர்ந்து உன்னிடம் வந்தன, அவ்வளவுதான். அட்டவணைப்படி பார்த்தால் ஒரே வீட்டில் நாலு அடுப்பு வைத்திருக்க வேண்டும். சரி, அதையாவது சகித்துக்கொள்ளலாம். நான் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவன் என்று உனக்குத் தெரியும். ஏ வகைக்குக் கீரையும் காயும் அள்ளிப் போடச் சொல்கிறது அட்டவணை. கீரையில் வைட்டமின் கே அதிகம், திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை குறைந்து ரத்தம் உறையும் ஆபத்து வரும், திடீரென்று நிறுத்தினால் அதன் வேலை கூடி ரத்தக் கசிவு வரும். எனக்கு டாக்டர் சொன்னது கீரையே வேண்டாம் என்று இல்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும் என்றுதான். அம்மா பி வகை, அவளுக்குப் பால் பொருள்கள் நல்லதாம். அவளுடைய சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, பொட்டாசியமும் பாஸ்பரஸும் கணக்குப் பார்த்துத்தான் சேர்க்கிறோம், பாலில் இரண்டும் உண்டு. உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பைக்கூட அவள் தொடக்கூடாது, ரத்த அழுத்தம் உள்ள வேறொருவருக்கு அதே உப்பு நல்லதாக இருக்கலாம். எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டையும் முடிவு செய்வது நோயும் மருந்தும்தான்.

லெக்டின் என்று நீ ஒரு குறுஞ்செய்தியில் பெரிதாக எழுதியிருந்தாய். பயறு, கோதுமை இவற்றில் உள்ள லெக்டின் ஓ ரத்தத்தைத் திரளச் செய்யும் என்று. லெக்டின் என்று ஒரு புரதம் இருப்பது நிஜம். அதில் சில, சோதனைக் குழாயில் ரத்த அணுக்களைத் திரட்டும் என்பதும் நிஜம். ஆனால் உணவில் இருக்கும் லெக்டின்களில் பெரும்பாலானவை ஏ, பி, ஓ என்று ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, அதோடு நன்றாக வேகவைத்தால் ஏறக்குறைய எல்லாம் செயலிழந்துவிடும். கவனிக்க வேண்டியது சிவப்பு ராஜ்மா மாதிரியானவை. அரைவேக்காட்டில் தின்றால் எந்த வகை ரத்தமாக இருந்தாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடு. மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் நேராகப் போடாதே, அதில் சூடு போதாமல் நஞ்சு அப்படியே தங்கிவிடும்.

இதையெல்லாம் யாரும் சோதிக்கவில்லையா என்றால், சோதித்திருக்கிறார்கள். 2013ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, ரத்த வகை உணவு பலன் தரும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தை இந்த அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏ வகைக்கான காய்கறி மிகுந்த உணவை ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் நன்றாகவே இருந்தன. அவர்களுக்கு ஏ ரத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்! காய்கறி சாப்பிட்டால் நல்லது என்பதற்கு ரத்த வகை எதற்கு?

ரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஓ அல்லாதவர்களுக்கு ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஏ வகைக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்று அதிகம், ஓ வகைக்குக் குடற்புண். எல்லாம் சின்னச் சின்ன வித்தியாசங்கள். அதிலிருந்து கோதுமைக்குத் தடை போடும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது நீ கேட்பாய், அப்படியென்றால் கோதுமையை விட்டதிலிருந்து எனக்கு ஏன் வயிறு லேசாக இருக்கிறது என்று. இந்த இடத்தைக் கவனமாகப் படி, இதற்காகத்தான் இத்தனை பக்கமும்.

உன் கடைசி ரத்தப் பரிசோதனை அம்மாவிடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 10.8, பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 9, 15க்குக் கீழே போனாலே இரும்புச்சத்து இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தைராய்டுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாய், அது உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இதோடு கோதுமையை விட்டதும் வயிறு சரியாகிறது என்றால், சீலியாக் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் சிறுகுடலைப் புண்ணாக்கி இரும்பைச் சேரவிடாமல் செய்யும் நோய் அது. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, உன்னைப் போல எதிர்ப்பு சக்திக் கோளாறால் தைராய்டு கெட்டவர்களுக்கு இன்னும் கூடுதல். அதற்கான ரத்தப் பரிசோதனை, ஆள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அட்டவணை குருட்டாம்போக்கில் சரியான பொருளையே விலக்கியிருந்தால்கூட, உனக்கு என்ன நோய் என்பதை அதுவே மூடி மறைத்துவிடும். சீலியாக் என்றால் கொஞ்சம்கூடக் குளூட்டன் இல்லாமல் ஆயுசுக்கும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம், நடுவில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் போ, நீ கோதுமையை நிறுத்தியதைச் சொல். பரிசோதனைக்கு முன்பு ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிடச் சொல்வது வழக்கம், அதையும் அவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்கு. மாதவிடாயில் போக்கு அதிகமா என்றும் கேட்பார், கூச்சப்படாமல் சொல், இரும்பு குறைவதற்கு அடிக்கடி அதுதான் காரணம்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கும் ஓ வகைக்கும் சம்பந்தமில்லை. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடும், உலகத்துப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அப்படித்தான். அந்த மரபணு 2வது குரோமோசோமில், ரத்த வகை 9வதில், சீலியாக்குக்கு வழி விடும் மரபணு 6வதில். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லவே முடியாது. அதோடு முழுக்க நிறுத்தவும் தேவையில்லை, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பலருக்குத் தாங்கும், தயிர் இன்னும் சுலபம்.

இறைச்சி விஷயத்தில் உன்னோடு சண்டை இல்லை. அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும், உன் ஃபெரிட்டினுக்கு நல்லதுதான். ஆனால் தினமும் சிவப்பு இறைச்சி வேண்டாம், மீன், கோழி என்று மாற்றிக்கொள். பருப்பையும் பயறையும் திரும்பக் கொண்டுவா, அதிலும் இரும்பு உண்டு, எலுமிச்சை பிழிந்தோ கொய்யா, ஆரஞ்சு மாதிரிப் பழத்தோடோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ காபி குடிக்கும் பழக்கம்தான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது, ஒரு மணி நேரமாவது தள்ளி வை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, காபியும் அதற்குப் பிறகுதான். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தால் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளியே போடு. முட்டைக்கோஸ் தைராய்டைக் கெடுக்கும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள், வேகவைத்து வழக்கமான அளவு சாப்பிடுவதில் ஒன்றும் ஆகாது.

எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை, உனக்கு 5.9 என்று இருக்கிறது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் இரும்புக் குறைபாடு இருக்கும்போது இந்த எண் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல். நீ இனிப்பையும் குளிர்பானத்தையும் விட்டாய் பார், அட்டவணையில் எனக்குப் பிடித்த பகுதி அது ஒன்றுதான், அதைத் தொடர்ந்து செய்.

இந்த மாதத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடு. கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ, அங்கே போனால் உனக்கு எல்லாம் மறந்துவிடும். அட்டவணையையும் காட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரியட்டும். அம்மா உன் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் வரிசையாகப் படம் எடுத்து இன்று ராத்திரி அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா